ஓரத்தில் ஒரு வரி

சோஹார் நீதிமன்றத்தில் எனக்கு நாற்காலி கிடையாது.
கூண்டுக்கும் மேடைக்கும் நடுவே
தரை ஓட்டில் ஒரு விரிசல் உண்டு,
அதன்மேல் நிற்பேன்.
காதில் தமிழ், வாயில் அரபு.
நின்றதும் முதலில் சத்தியம்:
கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்.

அன்றைக்குச் சவரிராயன்.
பாம்பன் பக்கம். துறைமுகத்தில் கம்பி கட்டுகிறவன்.
கேம்ப் மாடிப்படியில்
இரண்டு ரியால் ரீசார்ஜ் கடனுக்குப் பேச்சு முற்றிக்
காத்தமுத்துவைத் தள்ளினான்.
மிச்சத்தைச் செய்தது
ஏழாவது படியின் விளிம்பு.

"என்ன சொல்கிறான்?" என்றார் நீதிபதி.
அவன் சொன்னது மூன்றே சொல்:
"தெரியாமத் தள்ளிட்டேன் சார்."

தெரியாம.

பால் பொங்கி வழிந்தால் தெரியாம.
பஸ்ஸில் காலை மிதித்தால் தெரியாம.
அப்பன் சட்டைப்பையில் வேண்டுமென்றே கைவிட்டுப்
பிடிபட்ட பிள்ளையும் மூக்கொழுகச் சொல்லும்,
தெரியாம எடுத்துட்டேன்.
நம்மிடம் அது வாக்குமூலம் இல்லை.
கையைக் கூப்ப வெட்கப்படுகிறவன்
வாயால் கூப்புவது.

அரபியில் இதற்கு இரண்டு வாசல்.
தவறுதலாக என்றால்
சில வருஷம், கொஞ்சம் பணம், ஒரு விமானம்.
வேண்டுமென்று என்றால்
அதற்கப்பால் நான் போய்ப் பார்த்ததில்லை.
எதை வேண்டுமானாலும் நான் திறக்கலாம்.
ஒருவருக்கும் தெரியாது, சவரிராயனுக்கே தெரியாது.
அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.
ஸ்கேன் முடிந்து வந்த டாக்டரின் வாயைப் பார்ப்பதுபோல
என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் கடற்கரைக்காரன், காப்பாற்று
என்றது ஒரு நினைப்பு.
செத்தவனும் எங்கள் பக்கம்தான்.
அது எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது
என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஐயா, இந்தச் சொல்லைப் பெயர்க்க முடியாது.
கை தவறியவனும் இதைத்தான் சொல்வான்,
மனம் தவறியவனும் இதைத்தான் சொல்வான்.
எதுவென்று அவனையே கேளுங்கள்."
வக்கீல் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"தள்ளும்போது அவன் விழவேண்டும் என்று நினைத்தாயா?"

ஏசியிலிருந்து வாளியில் நீர் சொட்டியது.
எண்ணினேன். பதினொன்று.
"விழணும்னு நெனச்சேன்.
சாகணும்னு நெனைக்கல."
இதைப் பெயர்க்க ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை.

நாலு மாதம் கழித்துத் திருப்புல்லாணியிலிருந்து
முத்துராக்குவின் தாள் வந்தது.
கோடு போட்ட நோட்டுத்தாள்,
நோட்டரி முத்திரை, மடிப்பில் மஞ்சள் கறை.

"பணம் வாங்கிக்கிறேன்.
ரெண்டு பிள்ளை இருக்கு, கூரை ஒழுகுது.
அவர மன்னிச்சதும் நெசம், அதுக்கு எனக்கு நாளாச்சு.
ஆனா பணத்துக்கு மன்னிச்சேன்னு எழுதாதீங்க.
ரெண்டையும் ஒரே வரியில போடாதீங்க."

அச்சடித்த பத்திரத்தில் இருந்தது ஒரே வரி:
'இன்ன தொகை பெற்றுக்கொண்டு மன்னித்தேன்.'
வெற்றிடம் தொகைக்கு மட்டும்.

என் அரபியை நீதிபதி இருமுறை படித்தார்.
"படிவத்தில் இடமில்லை" என்றான் குமாஸ்தா.
அவர் பேனாவை எடுத்து
அச்சு வரியில் 'மன்னித்தேன்' என்பதை அடித்தார்.
பிறகு தாளின் ஓரத்தில், கீழிருந்து மேலாக,
தனியாக எழுதினார்,
எண் எதுவும் சேர்க்காமல்.
முத்திரை அங்கே எட்டவில்லை.
குமாஸ்தா தாளைத் திருப்பி
இன்னொரு தரம் குத்தினான்.

தண்டனை முழுசாகப் போகவில்லை.
இரண்டரை வருஷம் பாக்கி.
விலங்கோடு இறக்கிக்கொண்டு போகையில்
சவரிராயன் நின்றான்.
"அந்தம்மா என்னக்கா எழுதியிருக்கு?"
கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.
கூரை ஒழுகுவதையும் சொன்னேன்.

படியில் ஒரு கால், தரையில் ஒரு கால்.
"ஓரத்துல எழுதுனா செல்லுமாக்கா?"

கேள்வி தமிழில் இருந்தது.
யாரைப் பார்த்துப் பெயர்க்க?